‘டூ அவே வித்’ என்னும் உரைகல்லில் ஆக்ஸ்போர்டு மாணவர் அகராதி

எங்கள் தெருவில் பதினோராம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன், ஆங்கிலக் கட்டுரை எழுதினால் என்னிடம் கொண்டுவந்து காட்டுவது வழக்கம். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்டவரிடம் போனால் காசில்லாமல் திருத்திக்கொண்டு வரலாம் என்பது அவன் தாயாரின் கணக்கு. சென்ற மாதம் அவன் கொண்டுவந்த கட்டுரை, பள்ளியில் ஓராண்டில் நடந்த மாற்றங்களைப் பற்றியது. புதிய ஆய்வகம், புதிய சீருடை என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த கட்டுரையின் நடுவில், ‘த மேனேஜ்மென்ட் டிட் அவே வித் அவர் ஓல்டு ஹெட்மாஸ்டர்’ என்று ஒரு வாக்கியம் இருந்தது. பழைய தலைமை ஆசிரியரை நிர்வாகம் பதவியிலிருந்து நீக்கிவிட்டது என்பதுதான் அவன் சொல்ல வந்தது. ஆங்கிலம் அறிந்தவர் எவர் படித்தாலும், நிர்வாகம் அந்த மனிதரைத் தீர்த்துக்கட்டிவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார். நான் சிரித்ததைப் பார்த்து அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. “மாமா, கைடுல நீக்குன்னுதானே போட்டிருக்கு?” என்று பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினான்.

அவன் சொன்னது உண்மை. பழைய புத்தகக் கடையில் தொண்ணூறு ரூபாய்க்கு வாங்கிய அந்தக் கையேட்டில், ‘டூ அவே வித்’ என்பதற்கு நேரே ‘நீக்கு, ஒழி’ என்று இரண்டே சொற்கள் இருந்தன. அவற்றில் தவறு என்று எதையும் சுட்ட முடியாது. சிக்கல் தமிழ்ச் சொல்லின் தாராளத்தில் இருக்கிறது. தமிழில் விதியை நீக்கலாம், வரியை நீக்கலாம், துணியிலுள்ள கறையை நீக்கலாம், அதே வாயால் ஊழியரையும் நீக்கலாம். பணிநீக்கம் என்பது நமக்கு அன்றாடச் சொல். ஆங்கிலத் தொடரோ முதல் சில இடங்களில் நம்மோடு சாதுவாக நடந்து வந்து, ஆள் என்று வந்தவுடன் கத்தியை எடுத்துவிடுகிறது. இந்தத் திருப்பத்தைச் சொல்லாத அகராதி, பொருளைச் சரியாகச் சொல்லியும் மாணவனைக் குழியில் தள்ளிவிடும்.

ஆகவே அன்று மாலை பையனை அருகில் அமர்த்திக்கொண்டு, நான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்ஷனரியை, அதன் இலவச இணையப் பதிப்பிலும் அலமாரியில் இருக்கும் அச்சுப் பதிப்பிலுமாக, இந்த ஒரே ஒரு தொடரை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். அந்தச் சோதனையில் தேறியவற்றையும் தேறாதவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தேடும் வேலை. அச்சுப் பதிப்பில் பையன் நேராக ‘அவே’ என்ற சொல்லுக்குப் போனான்; அங்கே கிடைக்கவில்லை. இவ்வகைத் தொடர்களை, அதாவது பள்ளிகளில் ஃப்ரேசல் வெர்ப் என்று சொல்லித்தருபவற்றை, இந்த அகராதி அவற்றின் தலைவினையின் கீழ், பதிவின் கடைசிப் பகுதியில், மரபுத்தொடர்களுக்கும் பின்னால் அடுக்கி வைத்திருக்கிறது. ‘டூ’ ஆங்கிலத்தின் மிக நீண்ட பதிவுகளில் ஒன்று. துணைவினையாக வரும் ‘டூ’, தனிவினையாக வரும் ‘டூ’ எல்லாவற்றையும் தாண்டிப் பத்தி பத்தியாக விரலை ஓட்டிக்கொண்டு போனால்தான் இந்தத் தொடர் கண்ணில் படும். பழகியவருக்கு அரை நிமிட வேலை. புதியவர் பாதி வழியிலேயே புத்தகத்தை மூடிவிடுவார். இணையப் பதிப்பில் இந்தத் தொல்லை இல்லை. தொடரைத் தட்டச்சு செய்தவுடன் அதற்கென்று உள்ள பக்கம் திறக்கிறது. பிரிட்டிஷ் ஒலிப்புக்கு நீலம், அமெரிக்க ஒலிப்புக்குச் சிவப்பு என்று இரண்டு ஒலிபெருக்கிச் சின்னங்களும் உடன் வருகின்றன. பக்கத்தின் ஓரங்களில் விளம்பரங்கள் துள்ளுவதை இலவசத்துக்கான விலை என்று பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த அகராதி ‘டூ அவே வித்’ என்பதை ஒரே தொடராகக் கொண்டு ஒன்று, இரண்டு என்று பொருள் எண் போடவில்லை. தலைப்பிலேயே இரண்டாகப் பிரித்துவிடுகிறது. ஒன்றில், தொடருக்குப் பின்னால் ‘சம்படி’ என்றும் ‘யுவர்செல்ஃப்’ என்றும் இருக்கிறது. அதற்குப் பொருள் கொல்லுதல், தன்னையே மாய்த்துக்கொள்ளுதல். மற்றொன்றில் ‘சம்திங்’ என்று இருக்கிறது. அதற்குப் பொருள் ஒரு வழக்கத்தை அல்லது ஏற்பாட்டை நிறுத்துதல், இல்லாமற்செய்தல். முதலாவதற்குப் பேச்சுவழக்கு என்ற குறிப்பும், இரண்டாவதற்கு இணைச்சொல்லாக ‘அபாலிஷ்’ என்பதும் தரப்பட்டுள்ளன. பையனிடம் விளக்கம் எதுவும் சொல்லாமல் திரையை மட்டும் காட்டினேன். ‘சம்படி’ என்ற சொல்லின் மீது விரலை வைத்தவன், கீழே இருந்த பொருளைப் படித்துவிட்டு, தன் கட்டுரையைத் திருப்பி வைத்துக்கொண்டான். தொண்ணூறு ரூபாய்க் கையேட்டில் இல்லாமல் போனது அந்த ஒற்றைச் சொல்தான்.

செயப்படுபொருள் ஆளா பொருளா என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிடும் இந்த நடைமுறை தற்செயலாக வந்ததன்று. இந்த அகராதியின் மூலவர் ஆல்பர்ட் சிட்னி ஹார்ன்பி, 1924-இல் ஆங்கிலம் கற்பிக்க ஜப்பானுக்குப் போனவர். ஜப்பானிய மாணவர்கள் சொற்களின் பொருளை மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு வாக்கியத்தில் கோட்டைவிடுவதை வகுப்பறையில் நாள்தோறும் பார்த்தவர். ஆகவே, ஒவ்வொரு வினையும் தன்னைச் சுற்றி எவற்றை ஏற்கும், எந்த வரிசையில் ஏற்கும் என்பதைக் காட்டும் அகராதி ஒன்றை, கேட்டன்பி, வேக்ஃபீல்ட் என்ற இரு துணையாசிரியர்களோடு சேர்ந்து தொகுத்தார். அது முதலில் வெளிவந்தது லண்டனிலோ ஆக்ஸ்போர்டிலோ அன்று. 1942-இல் டோக்கியோவில், கைதகுஷா என்ற பதிப்பகத்தின் வழியாக. பிரிட்டனும் ஜப்பானும் போரில் மோதிக்கொண்டிருந்த ஆண்டு அது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் அதை 1948-இல் தன் பெயரில் மறுபதிப்பாக வெளியிட்டது. இன்று பத்தாம் பதிப்பு வரை வந்துவிட்ட புத்தகம், அயலான் எங்கே இடறுவான் என்ற கேள்வியிலிருந்து பிறந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அதன் தலைப்புகளில் இருக்கும் ‘சம்படி’, ‘சம்திங்’ என்ற சொற்களைத் தாண்டிக் குதிக்க மனம் வராது.

இத்தகைய தொடர்கள் அயலாரைப் படுத்தும் பாடு புதியதும் அன்று. சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையிலேயே, வினைக்குப் பின்னால் ஓர் இடைச்சொல்லை ஒட்டிப் பொருளை மாற்றும் வழக்கம் ஆங்கிலத்தில் மிகுதி என்றும், அயலாருக்குப் பெருந்தொல்லை தருவது அதுவே என்றும் எழுதியிருக்கிறார். அவற்றுக்கு ஃப்ரேசல் வெர்ப் என்ற பெயர் அச்சேறியதோ 1925-இல், லோகன் பியர்சால் ஸ்மித்தின் நூலில்தான். பெயர் வருவதற்கு நூற்று எழுபது ஆண்டுகள் முன்பே புகார் வந்துவிட்டது.

அகராதி தேறிய இரண்டாவது இடம், ‘வித்’ என்ற சொல்லின் இருப்பு. ‘டூ அவே வித்’ பிரிக்க முடியாத மூன்று சொல் தொடர். ‘த்ரோ அவுட்’ போன்றவற்றில் செயப்படுபொருளை நடுவில் வைக்கலாம். ‘த்ரோ இட் அவுட்’ சரி. ஆனால் ‘டூ இட் அவே வித்’ என்றோ ‘டூ அவே இட்’ என்றோ எழுத வழியில்லை. ‘டூ அவே வித் இட்’ ஒன்றுதான் உண்டு. செயப்பாட்டுவினையாக மாற்றும்போது மாணவர்கள் ‘வித்’தை உதிர்த்துவிடுகிறார்கள், ‘த ரூல் வாஸ் டன் அவே’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள். ‘வாஸ் டன் அவே வித்’ என்று, வாக்கியத்தின் வாலில் தொங்குவதுபோல் தெரிந்தாலும், ‘வித்’ இருந்தே ஆகவேண்டும். செயப்படுபொருள் ‘வித்’துக்குப் பின்னால்தான் வரும் என்பதைத் தலைப்பின் அமைப்பே அகராதியில் காட்டிவிடுகிறது. செயப்பாட்டு வடிவத்துக்குத் தனிக் குறிப்பு இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

இங்கே மாணவர்கள் பக்கம் நின்று ஒன்று சொல்ல வேண்டும். ‘வித்’ இல்லாத வடிவம் ஆங்கிலத்திலேயே ஒருகாலத்தில் இருந்தது. 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் விவிலியத்தில், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தில், நிறைவானது வரும்போது குறைவானது என்னவாகும் என்று சொல்லும் இடத்தில், ‘ஷல் பி டன் அவே’ என்றுதான் இருக்கிறது, ‘வித்’ இல்லை. தமிழ் விவிலியத்தில் அதே இடத்தில் ‘ஒழிந்துபோம்’ என்று வருகிறது. கோயிலில் ஆயிரம் முறை கேட்ட வரியில் இந்தத் தொடரின் மூதாதையும் அதற்கு நேரான தமிழ்ச் சொல்லும் ஒன்றாக இருப்பதைக் கவனித்தபோது, அகராதியை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன்.

இனி அகராதி கைவிட்ட இடங்கள். முதலாவது, பையன் விழுந்த அதே குழிக்கு அருகில் இருக்கும் இன்னொரு குழி. ஆளைக் குறித்தால் கொலை, ஏற்பாட்டைக் குறித்தால் நிறுத்தம் என்று தெரிந்துகொண்டவன், அடுத்தபடியாக, ‘அப்படியானால் பதவி?’ என்று கேட்டான். நல்ல கேள்வி. தமிழ்நாட்டில் 1980-இல் எம்.ஜி.ஆர். ஆட்சி ஓர் அவசரச் சட்டத்தின் வழியாகக் கிராமங்களின் மணியக்காரர், கர்ணம் பதவிகளை ஒழித்தது. பின்னர் அந்த இடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். அந்தப் பதவிகளை அரசு ‘டிட் அவே வித்’ என்று ஆங்கிலத்தில் தாராளமாக எழுதலாம். கர்ணங்களை ‘டிட் அவே வித்’ என்று எழுதினால், அரசு ஊர் ஊராகப் போய்க் கொலை செய்தது என்றாகிவிடும். நாற்காலியை ஒழிக்கலாம், நாற்காலியில் இருந்தவரைப் பற்றிப் பேச வேறு வினை வேண்டும்: வேலையைவிட்டு அனுப்பியதற்கு ‘டிஸ்மிஸ்’, பதவியிலிருந்து இறக்கியதற்கு ‘ரிமூவ்’. பதவிக்கும் பதவியாளருக்கும் நடுவில் ஓடும் இந்தக் கோட்டை, ‘சம்படி’, ‘சம்திங்’ என்ற இரண்டு சொற்களால் மட்டும் மாணவன் கண்டுபிடித்துவிடுவான் என்று எதிர்பார்ப்பது அதிகம். ஒரே ஒரு எச்சரிக்கை வரி போதுமானதாக இருந்திருக்கும்.

இரண்டாவது குறை, ‘அபாலிஷ்’ என்ற இணைச்சொல்லை அப்படியே நிறுத்திவிட்டுப் போவது. பொருள் ஒன்றாக இருக்கலாம். அமரும் இடம் ஒன்றன்று. இந்திய அரசமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்ததாகச் சொல்லும் இடத்தில் இருப்பது ‘அபாலிஷ்டு’ என்ற சொல். அந்த இடத்தில் ‘டன் அவே வித்’ என்று போட்டுப் படித்துப் பாருங்கள். பொருள் மாறாது, ஆனால் நாடு தன் வாக்கைப் பதிக்கும் குரல் போய், வீட்டுத் திண்ணையில் யாரோ பழைய சாமானைத் தூக்கிப்போட்டதைப் பற்றிப் பேசுவது போலாகிவிடும். மேலே சொன்ன கிராமப் பதவிகள் பற்றிய சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் ‘அபாலிஷன்’ என்றுதான் இருக்கிறது. சட்டம் அபாலிஷ் செய்யும். அதைப் பற்றிப் பேசும் செய்தித்தாளும் மேடைப் பேச்சாளரும் ‘டூ அவே வித்’ என்பார்கள். தமிழில் ‘இரத்து செய்தல்’ என்பதற்கும் ‘எடுத்துவிடுதல்’ என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தைப் போன்றது இது.

மூன்றாவது, உறவுக்காரத் தொடர்கள். ஒழித்தல் என்ற ஒரே பொருளைச் சுற்றி ஆங்கிலத்தில் ஒரு கூட்டமே இருக்கிறது. நம் மாணவர்கள் அவற்றை ஒன்றுக்கொன்று மாற்றிப் போடுகிறார்கள். இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. பிரிட்டன் 1960-ஆம் ஆண்டின் முடிவோடு ஃபார்த்திங் என்னும் கால் பென்னி நாணயத்தைச் செல்லாததாக்கியது. ஒரு முடிவு எடுத்து ஒரு நாளில் இல்லாமற்செய்த இவ்விரண்டுக்கும் ‘டூ அவே வித்’ பொருந்தும். ஈயம் கலந்த பெட்ரோல் அப்படிப் போகவில்லை. நாடு நாடாக, பல பத்தாண்டுகளாகக் குறைத்துக் குறைத்து, 2021-இல் அல்ஜீரியாவில்தான் கடைசியாக நின்றது. அதற்கு உரியது ‘ஃபேஸ் அவுட்’. பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று 1980-இல் உலக சுகாதார அமைப்பு அறிவித்ததே, அங்கே ‘வைப் அவுட்’. சுவடே தெரியாமல் துடைத்தல். ‘ஸ்டாம்ப் அவுட்’ என்பதில் பரவும் தீயைக் காலால் மிதித்து அணைக்கும் காட்சி இருப்பதால், பரவக்கூடிய தீமைகளுக்கே அது பொருந்தும். ‘வீட் அவுட்’ நமக்கு விளக்கமே வேண்டாதது: நாற்றைவிட்டுக் களையை மட்டும் பிடுங்குவது, பயிர் முழுவதையும் அழித்தால் அந்தச் சொல் பொருந்தாது. அகராதி இவை ஒவ்வொன்றையும் தனித்தனியே நன்றாகவே விளக்குகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாணவனைக் கையைப் பிடித்து அழைத்துச் செல்வதில்லை. ‘டூ அவே வித்’ பக்கத்தில் நின்றுகொண்டிருப்பவனுக்குப் பக்கத்து வீட்டில் ‘ஃபேஸ் அவுட்’ இருப்பது தெரிய வழியில்லை.

இந்த மூன்று குறைகளையும் ஆசிரியர் ஒருவர் அருகில் இருந்தால் பத்து நிமிடத்தில் ஈடுகட்டிவிடலாம். அவர் தமிழ் நன்கு தெரிந்தவராகவும் இருந்தால் இன்னும் எளிது. ஏனென்றால், நம்மிடமே இதற்கு அச்சு அசலான ஏற்பாடு இருக்கிறது. ஆங்கிலம் வினைக்குப் பின்னால் ‘அவே’, ‘அவுட்’, ‘ஆஃப்’ என்று ஒட்டிச் செய்யும் வேலையைத் தமிழ் துணைவினைகளைக் கொண்டு செய்கிறது. ‘ஒழி’ என்பது தனியாக நின்றால் ஒன்று. ‘ஒழித்துவிடு’, ‘ஒழித்துக்கட்டு’ என்னும்போது வேகமும் முடிவும் ஏறிவிடுகின்றன. ‘தீர்’ என்ற வினையால் கடனைத் தீர்க்கலாம், ஐயத்தைத் தீர்க்கலாம், பசியைத் தீர்க்கலாம். ‘கட்டு’ ஒட்டி, ஆளைச் செயப்படுபொருளாக வைத்தவுடன் ‘தீர்த்துக்கட்டு’ கொலையாகிவிடுகிறது. கட்டுதல் என்ற சொல்லில் கொலை எங்கே இருக்கிறது என்று ஓர் ஆங்கிலேயர் நம்மிடம் கேட்டால், ‘அவே’ என்ற சொல்லில் எங்கே இருக்கிறது என்று நாம் திருப்பிக் கேட்கலாம். ‘ஒழி’யின் சாதுவான முகமும் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பாத்திரத்தை ஒழித்துப் போடு என்றால் அதில் இருப்பதை வேறொன்றில் மாற்றிவிட்டுத் துலக்கப் போடு என்று பொருள். வீட்டை ஒழித்துக்கொடு என்றால் காலிசெய்து கொடு. இடத்தை வெறுமையாக்குவதிலிருந்து இல்லாமலே ஆக்குவது வரை நீளும் இந்தப் பாதையில்தான் ‘டூ அவே வித்’தும் நடக்கிறது. இதைச் சொன்னபோது பையன் முகத்தில் வந்த தெளிவு, அகராதியின் எந்தப் பக்கத்தைக் காட்டியபோதும் வரவில்லை.

செயப்படுபொருளை முன்னிட்டுப் பொருள் சொல்லும் இந்த முறையைத் தமிழில் செம்மையாகச் செய்தது 1992-இல் முதற்பதிப்பு கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. யாரை, எதை என்பதை அடைப்புக்குறிக்குள் காட்டிவிட்டுத்தான் பொருளுக்குப் போகும். ஆங்கிலம் படிக்கும் தமிழ் மாணவன் மேசையில் இரண்டும் அருகருகே இருப்பது நல்லது. அதில் தமிழ்ப் பதிவுகளுக்கு ஆங்கிலப் பொருளும் உண்டு என்பதால், இரு பக்கமும் இருந்து ஒரே சொல்லைப் பார்க்க முடிகிறது.

மற்ற இணைய அகராதிகளைப் பற்றிச் சுருக்கமாக. கேம்பிரிட்ஜும் லாங்மேனும் ஆளையும் பொருளையும் பிரித்தே காட்டுகின்றன. ஆகவே இந்தச் சோதனையில் அவையும் தேறுகின்றன. லாங்மேனின் விளக்கங்கள் ஏறத்தாழ 2000 எளிய சொற்களுக்குள் அடங்குவதால், ஒன்பதாம் வகுப்புக்குக் கீழே படிப்பவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன். மெரியம் வெப்ஸ்டர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்காகத் தொகுக்கப்பட்டது; முடிவுகட்டுதல், கொல்லுதல் என்று இரண்டு பொருளையும் எண் போட்டுத் தருகிறது; எது எப்போது என்பதை ஏற்கெனவே அறிந்தவருக்கு அது போதும், நம் பையனுக்குப் போதாது.

வாங்குவதா என்று கேட்பவர்களுக்கு: இந்தத் தொடரைப் போன்றவற்றுக்காக மட்டும் என்றால் காசு செலவழிக்கத் தேவையில்லை, இணையப் பதிப்பே போதும். வகுப்புக்குள் கைப்பேசிக்கு இடமில்லாத பள்ளியில் படிப்பவர்கள் அச்சுப் பதிப்பை வாங்கலாம். 2020-இல் வந்த பத்தாம் பதிப்புதான் வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். புதிய சொற்களுக்குத்தான் புதிய பதிப்பு வேண்டும். ‘டூ அவே வித்’ போன்ற கிழட்டுத் தொடர்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதில்லை. பழைய புத்தகக் கடையில் ஏழாம் பதிப்போ எட்டாம் பதிப்போ கிடைத்தால், அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, ‘டூ’ என்ற சொல் இருக்கும் பக்கங்கள் முழுதாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பையனுக்கு என்னிடமிருந்த பழைய பிரதியைக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் கட்டுரையில் தலைமை ஆசிரியர் ‘வாஸ் ரிமூவ்டு’ ஆகியிருந்தார். அதற்கு அடுத்த வரியில், நிர்வாகம் சனிக்கிழமைச் சிறப்பு வகுப்புகளை ‘டிட் அவே வித்’ என்று புதிதாக ஒரு வாக்கியமும் சேர்ந்திருந்தது. அது உண்மையா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றான்.